கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் பித்து: வீரனின் வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். சோபோக்ளிசின் ‘அயாக்ஸ்’, யூரிப்பிடீசின் ‘ஹெராக்ளீஸ்’ ஆகிய நாடகங்களை அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டிலும் பெருவீரன் ஒருவன் தெய்வம் ஏவிய பித்தினால் கொலை புரிந்து, தெளிந்த பின் தன் செயலைக் கண்டு நொறுங்குகிறான். பித்து தெய்வத்தின் செயல் என்றால், அந்த வீழ்ச்சியில் வீரனுக்குப் பங்கு உண்டா?

மறுமொழி 1:
இருவரையும் ஒரே தராசில் நிறுத்த இயலாது. டிராய் போரில் மாண்ட கிரேக்க வீரன் அக்கிலீசின் படைக்கலங்கள் தனக்கன்றிச் சக தலைவன் ஒடிசியசுக்கு வழங்கப்பட்டதை அவமானமாகக் கருதிய அயாக்ஸ், கிரேக்கத் தலைவர்களை இரவோடு இரவாக வெட்டிச் சாய்க்கத் தன் சொந்த முடிவின்படியே புறப்படுகிறான். அதீனா தேவி அவன் கண்ணை மயக்கி, அந்த வெறியைக் கால்நடைகள் மீதும் மேய்ப்பர்கள் மீதும் திருப்பிவிடுகிறாள். கொல்லும் எண்ணம் அவனுடையது. தெய்வத் துணையின்றியே புகழ் பெறுவேன் என்று தந்தையிடம் அவன் முன்பே செருக்குடன் சொன்னதும் நாடகத்தில் வருகிறது. ஹெராக்ளீசிடம் இப்படி ஒரு பிழையைக் காட்ட முடியவில்லை. கொடுங்கோலன் லைகஸின் பிடியிலிருந்து மனைவி மக்களை மீட்ட அதே நாளில், அவர்களையே அவன் கொல்லும்படி, ஹீரா தேவியின் விருப்பத்தால் அவன்மேல் ஏவப்படும் பித்தின் தெய்வமான லிஸ்ஸாவே, இது தகாத செயல் என்று முதலில் தடுத்துப் பேசுகிறாள். என் வாசிப்பில் யூரிப்பிடீஸ் தெய்வங்களையே விசாரணைக்கு நிறுத்தும் இடம் இது.

மறுமொழி 2:
ஏற்கிறேன். ஆயினும் பொறுப்பு யாருடையதானாலும், துயரம் முழுமையடைவது தெளிவு திரும்பிய பிறகுதான். பித்துற்றிருந்தபோது அயாக்ஸ் மகிழ்ந்திருந்தான், அருகிலிருந்த நாங்கள் வருந்தினோம், இப்போது அவனும் சேர்ந்து வருந்துகிறான் என்று அவன் துணைவி டெக்மெஸ்ஸா சொல்வதைவிடத் துல்லியமாக இதை யாரும் சொல்லிவிட முடியாது. பின்னர் அவன், பகைவனான டிராய் வீரன் ஹெக்டர் தந்த வாளின் மீதே விழுந்து உயிர்விடுகிறான். ஹெராக்ளீசும் சாகவே விரும்புகிறான். ஆனால் கொலையின் தீட்டுக்கு அஞ்சாமல் அவன் முகத்திரையை விலக்கி, கைப்பிடித்து ஏதென்ஸுக்கு அழைக்கும் நண்பனாக அந்நகரின் மன்னன் தீசியஸ் அவனுக்கு வாய்க்கிறான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அயாக்ஸுக்கு அத்தகைய நண்பன் எவனும் இல்லையா?

மறுமொழி 2:
உயிரோடிருந்தவரை டெக்மெஸ்ஸாவும் அவனுடைய மாலுமிகளும் மன்றாடினார்கள், அவன் செவிசாய்க்கவில்லை. இறந்த பின் உடலை அடக்கம் செய்யக் கூடாதெனக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன் தடுத்தபோது, அவனிடம் வாதாடி இசைவு பெற்றுத் தந்தவன், அயாக்ஸ் யாரை எல்லோரினும் அதிகமாக வெறுத்தானோ அந்த ஒடிசியஸ்தான்.