கருமுட்டை தானம்: உடம்புக்குள்ள நிஜமா என்ன நடக்குது?

நிலாமுற்றம்:
கல்லூரிப் பெண்களுக்காகக் கருமுட்டை தானம் பத்தி ஒரு குறிப்பு எழுதறேன். விளம்பரங்கள்ல "பத்து நாள் ஊசி, இருபது நிமிஷ வேலை"ன்னு முடிச்சுடறாங்க. உண்மையான ஆபத்து எது? முட்டையெல்லாம் சீக்கிரமே தீர்ந்துடுமா?

சோதனைக்குழாய்:
தீராது. மாசாமாசம் ஒரு கூட்டம் ஃபாலிக்கிள் (முட்டை வளர்ற சின்ன நீர்ப்பை) வளரக் கிளம்பும். ஒண்ணுதான் முதிரும், மத்தது தானா அழிஞ்சுடும். எஃப்எஸ்எச்ங்கற, ஃபாலிக்கிளை வளர்க்கற ஹார்மோன் ஊசி அழியப்போறதையும் சேர்த்து வளர்க்குது, அவ்வளவுதான்.

மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாள் ஸ்கேன் பார்த்து ஊசி தொடங்கும். பெரும்பாலும் தினம் 150–300 யூனிட், 8–12 நாள். முட்டை முன்கூட்டியே வெளியேறாம இருக்க 5, 6ஆம் நாள்லேருந்து ஆன்டகானிஸ்ட் ஊசியும் சேரும். ஃபாலிக்கிள் 17–18 மி.மீ. ஆனதும், முட்டையைக் கடைசியா முதிரவைக்கற டிரிகர் ஊசி. அடுத்த 34–36 மணி நேரத்துல மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியா ஊசி விட்டு உறிஞ்சுவாங்க. அந்த இருபது நிமிஷம் இது மட்டும்தான்.

வேப்பம்பூ:
முக்கிய ஆபத்து ஓஎச்எஸ்எஸ், அதாவது சினைப்பை மிகைத்தூண்டல். ரத்தக்குழாய்லேருந்து நீர் கசிஞ்சு வயித்துல சேரும். ரத்தம் கெட்டியாகி உறையவும் செய்யலாம். இளவயசு, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), அதிக ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டற ஹார்மோன்) இருந்தா வாய்ப்பு கூடும். ஆக, "சின்ன வயசு, ஒண்ணும் ஆகாது"ங்கறது தலைகீழ்க் கணக்கு.

இதுல பாதி விஷயம் டிரிகர்லதான் இருக்கு. டிரிகரா போடற எச்சிஜி ஹார்மோன் உடம்புல பல நாள் தங்கி சினைப்பையைத் தூண்டிக்கிட்டே இருக்கும். பதிலா லியூப்ரோலைட் மாதிரி ஜிஎன்ஆர்எச் அகோனிஸ்ட் (உடம்போட சொந்த ஹார்மோனையே கொஞ்ச நேரம் சுரக்கவைக்கற மருந்து) போட்டா ஆபத்து பெருமளவு குறையும். அது கருப்பை உள்சுவரைப் பாதிக்கும்ங்கறதால, அதே மாசம் கரு வைக்கப் போறவங்களுக்குத் தயங்குவாங்க. தானம் தர்றவங்களுக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. ஆன்டகானிஸ்ட் முறையில இருந்தும் எச்சிஜிதான்னு சொன்னா, ஏன்னு கேக்கணும். எத்தனை முட்டைக்குக் குறி வைக்கறாங்கன்னும் கேக்கணும். டோஸை ஏத்தி முட்டையைக் கூட்டினா லாபம் வாங்கறவருக்கு, வீக்கம் கொடுக்கறவருக்கு.

நிலாமுற்றம்:
வீட்டுக்குப் போனப்புறம்?

வேப்பம்பூ:
ஒரே நாள்ல 1 கிலோவுக்கு மேல எடை ஏறினா, சிறுநீர் குறைஞ்சா, மூச்சு வாங்கினா, வாந்தி நிக்கலைன்னா நடுராத்திரின்னாலும் ஆஸ்பத்திரி போகணும். திடீர்னு ஒரு பக்கமா கடுமையான வலி வந்தா, வீங்கின சினைப்பை முறுக்கிக்கிட்டிருக்கலாம். தாமதிச்சா சினைப்பையையே இழக்க நேரும். அதனால அடுத்த மாதவிலக்கு வரைக்கும் ஓட்டம், குதிப்பு, பளு வேண்டாம். உடலுறவும் தள்ளி வைங்க. எடுக்காம தப்பின முட்டை கருவாகிட்டா ஓஎச்எஸ்எஸ் இன்னும் மோசமாகும்.

கற்பூரவல்லி:
நீண்டகாலப் பக்கத்தையும் குறிப்புல சேருங்க. தானம் தந்தவங்களை வருஷக்கணக்கா கவனிச்ச தகவல் ரொம்பக் குறைவு. குழந்தையின்மை சிகிச்சை எடுத்தவங்க மேல நடந்த ஆய்வுகளை வச்சுத்தான் ஆறுதல் சொல்றாங்க. அவங்க வயசும் உடல்நிலையும் வேற. ஒருத்தர் ஆயுளுக்கு 6 சுற்றுக்கு மேல வேண்டாம்னு அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் சொல்லுது. அப்புறம், சிக்கல் வந்தா சிகிச்சைச் செலவு யாரோடது, எத்தனை மாசம் வரைக்கும்னு ஒப்பந்தத்துல எழுத்தா இருக்கணும். வாய்வார்த்தை செல்லாது.