புதுப்பிப்பு: ஸ்பெக்ட்ரமில் அசெம்பிளர் ஓடுகிறது

கும்பகோணத்தில் மாமா வீட்டுப் பரணில் கிடைத்த 48கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில் (எண்பதுகளின் வீட்டுக் கணினி) ஷேர்வேர் அசெம்பிளர் (கட்டளைகளைச் செயலிக்குப் புரியும் எண்களாக மாற்றும் மென்பொருள்) ஒன்றை ஏற்றிவிட்டு, நிரலை எந்த முகவரியில் வைப்பது என்று கேட்டிருந்தேன் அல்லவா? கிளியர் 59999 கொடுத்துவிட்டு (அதற்கு மேலுள்ள நினைவகத்தைப் பேசிக் தொடாது) 60000-இல் வைக்கச் சொன்னீர்கள். வேலை செய்கிறது. கணினியோடு வரும் பேசிக் மொழி அந்தப் பக்கமே வருவதில்லை.

முதல் நிரல் ஐந்தே பைட்: 62, 2, 211, 254, 201. அதாவது: ஏ ரெஜிஸ்டரில் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) 2-ஐ வை, அதை 254-ஆம் போர்ட்டுக்கு (பார்டர் நிறத்தை மாற்றும் வெளியீட்டு வழி) அனுப்பு, திரும்பு. அதை ஓட்ட ரேண்டமைஸ் யூஎஸ்ஆர் 60000 அடித்ததும் பார்டர் (திரையின் ஓரப்பட்டை) சிவந்தது. ஆனால் அடுத்த விசையைத் தொட்டதுமே பழையபடி வெள்ளை!

காரணம் சுவாரசியமானது. விசை அழுத்தும்போது வரும் 'டிக்' ஒலியும் அதே போர்ட் வழியாகத்தான் போகிறது. அப்போது ரோமில் (கணினியின் அடிப்படை நிரல்கள் அழியாமல் இருக்கும் ரீட் ஒன்லி மெமரி) உள்ள நிரல், நினைவகத்தில் குறித்து வைத்திருக்கும் பார்டர் நிறத்தையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறது. நேரடியாக அனுப்பாமல் ரோமில் 8859-ஆம் முகவரியில் உள்ள நிரலை அழைத்தால், அந்தக் குறிப்பும் மாறி நிறம் நிலைக்கிறது.

அப்புறம், ஓட்டிப் பார்க்கும் முன் மூல நிரலை டேப்பில் சேமித்துவிடுங்கள். இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.