பழைய காருக்குள் போகாத முடை நாற்றம், வழி சொல்லுங்கள்

வணக்கம். சமீபத்தில் செகண்ட் ஹேண்டில் கார் வாங்கினேன். வண்டி நன்றாக ஓடுகிறது, ஆனால் கதவைத் திறந்தாலே சிகரெட் வாடையும் ஈரத்துணி நாற்றமும் சேர்ந்து முகத்தில் அடிக்கிறது. சீட்டுகளை ஷாம்பு போட்டுத் தேய்த்துக் காயவைத்தேன், சமையல் சோடாவை இரவு முழுக்கத் தூவி வைத்து வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தேன், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரையும் மாற்றியாகிவிட்டது. சிகரெட் வாடை பாதி குறைந்தது. அந்த ஈர நாற்றம் மட்டும் ஏசி போட்டதும் முதல் சில நிமிடம் அப்படியே வருகிறது, அதனால் ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் பாகமான எவாப்பரேட்டரில் பூஞ்சை பிடித்திருக்குமோ, இல்லை ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்து கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு ஈரமாகவே கிடக்கிறதோ என்று சந்தேகம். டாஷ்போர்டைக் கழற்றாமல் நுரை ஸ்பிரே அடித்து எவாப்பரேட்டரைச் சுத்தம் செய்தவர்கள் இருக்கிறீர்களா, பலன் நிலைத்ததா? அப்புறம் கூரைத் துணியை எப்படித் துடைப்பது? அதிகம் நனைந்தால் பசை விட்டுத் தொங்கிவிடும். நாற்றம் போக ஓசோன் வாயு விடும் மெஷின் வைக்கச் சொல்கிறார்கள், ஆனால் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல், ரப்பரிலும் வெடிப்பு விழ வைக்கும், சின்னக் குழந்தை வரப்போகிற வண்டி என்பதால் எனக்கு அது கடைசி வழிதான். வாசனை பாட்டில் மட்டும் வேண்டாம், அது நாற்றத்தை மூடுமே தவிர போக்காது.