மாத்திரை வீடு தேடி வருகிறது. நோயாளிக்கு யார் பொறுப்பு?

ஓமலூர்க்காரன்:
2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். தன்னார்வலர் பெண் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறார். பிசியோதெரபிஸ்டும், தீராத நோயின் வலி வேதனையைத் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சை செவிலியரும் வருகிறார்கள். என் கேள்வி வேறு. இத்தனை பேர் பார்க்கும் நோயாளியின் முழுக்கதையும் தெரிந்த ஒரே ஒருவர் யார்? அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் அப்பாவுக்குக் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தார்கள். தனியார் டாக்டரும் அதே மருந்தை வேறு பிராண்டில் எழுதியிருந்தார். இரண்டையும் போட்டதில் ஒரு விடியற்காலை சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி மயங்கிவிட்டார். இரண்டு சீட்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஆள் இல்லை. கிராம சுகாதார செவிலியரை அந்த ஆளாக்க வேண்டும் என்பது என் வாதம்.

செம்பருத்தி (செவிலியர்):
அப்பா இப்போது நலம்தானே? உங்கள் ஆதங்கம் புரிகிறது, தீர்வைத்தான் ஏற்க முடியவில்லை. சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகள், தடுப்பூசி, பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு, அப்புறம் இத்தனையையும் கணினியில் ஏற்றுவது என்று எல்லாம் அந்த ஒருவர் தலையில். அதோடு நீரிழிவு, பக்கவாதம், புற்றுநோய்க் குடும்பங்களையும் சேர்த்தால் எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. இன்னொன்று, டாக்டர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் செவிலியருக்கு இல்லை. அதிகாரம் இல்லாத பொறுப்பு, தவறு நடந்தால் பழி சுமக்கத்தான் உதவும்.

மருதம்:
பிரேசிலில் 1994-இல் தொடங்கிய குடும்ப சுகாதார முறையைப் பாருங்கள். டாக்டர், செவிலியர், உதவிச் செவிலியர், சமூக சுகாதாரப் பணியாளர்கள் சேர்ந்த ஒரு குழுவிடம் சில ஆயிரம் பேரை ஒப்படைத்துவிடுகிறார்கள். ஒரு பணியாளருக்கு அதிகபட்சம் 750 பேர். மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போவார், பார்த்ததைக் குழுவிடம் சொல்வார். பொறுப்பு குழுவுக்கு, தனி ஆளுக்கு அல்ல.

ஓமலூர்க்காரன்:
குழுவுக்குப் பொறுப்பு என்றால் இங்கே யாருக்கும் இல்லை என்றாகிவிடுமே! பிரேசிலில் அந்தக் குழுவுக்குள்ளேயே டாக்டர் இருக்கிறார். இங்கே டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சுமார் 30,000 பேர். ராத்திரி எட்டு மணிக்கு அம்மா யாருக்குப் போன் செய்வார்? ஒரு பெயர், ஒரு எண் வேண்டும்.

செம்பருத்தி (செவிலியர்):
பெயர் கொடுக்கலாம், ஆனால் அவர் பின்னால் டாக்டர் நிற்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் போதும். மருத்துவ அதிகாரி, செவிலியர், பிசியோ, மருந்தாளுநர், தன்னார்வலர் ஒன்றாக உட்கார்ந்து சிக்கலான நோயாளிகளைப் பற்றி மட்டும் பேசட்டும். தனியார் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டின் படத்தையும் தன்னார்வலர் கொண்டு வரட்டும். இரட்டை மருந்தை மருந்தாளுநர் அங்கேயே பிடித்துவிடுவார்.

தேனிப்பெண்:
இவ்வளவு நேரம் குழு, குழு என்கிறீர்கள், அதில் வீட்டில் பார்த்துக்கொள்பவரைக் காணோம். படுத்த படுக்கையான மாமியாரை இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பது நான். புண் வந்தால் முதலில் பார்ப்பதும் நான்தான். அந்த வாரக் கூட்டத்தில் என்னைக் கேட்பார்களா?

மருதம்:
கேட்க வேண்டும். குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

தேனிப்பெண்:
அந்தப் பாதியை யார் செய்வது? பயிற்சி என்ற பெயரில் செவிலியர் வேலையும் மருமகள் தலைக்கு வந்துவிடும். கற்றுக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், வாரத்தில் அரை நாள் வந்து உட்கார ஒரு ஆளை அனுப்புங்கள். தூங்கிக் கொஞ்ச நாளாகிறது.

செம்பருத்தி (செவிலியர்):
ஓய்வு தர ஆள் வேண்டும் என்பதை முழுதாக ஏற்கிறேன். ஆனால் தன்னார்வலரை அதற்கு அனுப்பாதீர்கள். அவர்களும் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண்கள்தான், வாங்குவது ஊக்கத்தொகை. தனிச் சம்பளத்தில் தனிப் பணியிடம் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஓமலூர்க்காரன்:
சரி, கேட்போம். அந்தப் பணியிடம் வரும்வரை போனை எடுப்பது யார் என்பதை மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.