அண்ணன் பிறந்தநாள் (அவன் இதுல இல்ல)

*நான் குழுவை உருவாக்கினேன். அம்மா, அண்ணி, சின்ன மாமா, அத்தை சேர்க்கப்பட்டார்கள்.*

நான்: 40வது பிறந்தநாள். ரெக்கார்ட் ப்ளேயர் வாங்கி மூணு மாசமாச்சு, போடறதுக்கு அவன்கிட்ட ரெண்டே ரெக்கார்ட்தான் இருக்கு. அவனுக்குப் பிடிச்ச ராக் குழு கன்ஸ் அன் ரோசஸோட கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் எல்பி (ஹிட் பாட்டெல்லாம் தொகுத்த ரெக்கார்ட்) வாங்கலாமா? எல்லாரும் பங்கு போட்டுக்கலாம்.

அண்ணி: எனக்கு ஓகே 👍 காலையில பல் தேய்க்கும்போதே நவம்பர் ரெயின்தான் முணுமுணுப்பார்.

சின்ன மாமா: வேண்டாம்மா.

சின்ன மாமா: அவங்க ஆல்பம்னா 1987ல வந்த அப்பிடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன். அதை வாங்குவோம். இந்த ஹிட்ஸ், குழு கேட்டு வந்ததே இல்ல.

நான்: குழு கேக்காம எப்படி மாமா வரும்?

சின்ன மாமா: டைப் பண்றேன் இரு

அத்தை: காபி ஆறிட்டிருக்கு இங்க. ஹால்ல நின்னுட்டு ரெண்டு விரலால டைப் பண்றார்.

சின்ன மாமா: 1993க்கு அப்புறம் அவங்ககிட்ட இருந்து புது ஆல்பம் வரல. பாடகர் ஆக்ஸில் ரோஸ் சைனீஸ் டெமாக்ரசின்னு ஒரு ஆல்பத்தை வருஷக்கணக்கா பண்ணிட்டே இருந்தார். அவங்க ஆல்பத்தை வெளியிடற கெஃபன் கம்பெனி காத்திருந்து பார்த்துட்டு, 2004 மார்ச்ல பழைய பாட்டையெல்லாம் தொகுத்து வெளியிட்டுட்டாங்க. நிறுத்தணும்னு ஆக்ஸில் கோர்ட்டுக்குப் போனார். குழுவை விட்டுப் போயிருந்த கிட்டாரிஸ்ட் ஸ்லாஷும் பேஸ் கிட்டார் வாசிச்ச டஃபும்கூட அதுல அவர் பக்கம் நின்னாங்க. பேச்சுவார்த்தையே இல்லாதவங்க இந்த ஒரு விஷயத்துல ஒண்ணு சேர்ந்தாங்க. கோர்ட் தடுக்கல. அந்த ஹிட்ஸ் பிரிட்டன்ல நேரா முதலிடம், அமெரிக்காவுல மூணாமிடம். அந்த சைனீஸ் டெமாக்ரசி 2008லதான் வந்தது.

சின்ன மாமா: பாட்டு தேர்வைப் பாரு. 14 பாட்டு. அப்பிடைட்ல இருந்து மூணே மூணு! வெல்கம் டு த ஜங்கிள், ஸ்வீட் சைல்ட், பாரடைஸ் சிட்டி. நைட்ட்ரெயின் இல்ல. மிஸ்டர் பிரவுன்ஸ்டோன் இல்ல. ராக்கெட் குவீன் இல்ல. வேற ஆல்பத்துல வந்த எஸ்ட்ரேஞ்டும் இல்ல. ஆனா மத்தவங்க பாட்டை இவங்க பாடினது மட்டும் அஞ்சு. டிலன் பாட்டு, மெக்கார்ட்னி பாட்டு, ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டுன்னு. சொந்தப் பாட்டு அவ்வளவு இருக்கும்போது எதுக்கு?

அண்ணி: மாமா, நீங்க சொல்றது சரிதான். ஆனா அவர் இந்தக் குழுவைக் கேக்க ஆரம்பிச்சதே அந்த சிடியில இருந்துதானே?

நான்: ஆமா! காலேஜ்ல முதல் வருஷம். பஸ் பாஸ் காசை மிச்சம் பிடிச்சு வாங்கினான். அந்த சிடி சிவில் வார் பாட்டுல வந்து திக்கும். அந்த விசில் சத்தம் மட்டும் திரும்பத் திரும்ப வரும்.

அம்மா: விசில் பாட்டு ஞாபகம் இருக்கு. மொட்டை மாடியில ராத்திரி போடுவான். அது ரொம்ப நல்லா இருக்கும். மத்ததெல்லாம் ஒரே சத்தம்

சின்ன மாமா: அக்கா, நீங்க சொல்றது வேற. சிவில் வார்லயும் விசில் வரும். நீங்க மாடியில கேட்டது பேஷன்ஸ். மூணு கிட்டார் மட்டும்தான், டிரம்ஸே கிடையாது. 1988ல பண்ணினது.

அம்மா: பேர் தெரியாதுடா. உங்க அத்திம்பேர் ஆஸ்பத்திரியில இருந்த மாசம் தினமும் அதைத்தான் போட்டான். நான் கீழ படுத்துக்கிட்டு கேப்பேன்.

அம்மா: அது இந்த தட்டுல இருக்கா

நான்: இருக்கும்மா. மூணாவது பாட்டு.

சின்ன மாமா: *இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

சின்ன மாமா: அது அப்பிடைட்ல கிடையாது. அந்தப் பாட்டு லைஸ்ங்கற ஆல்பத்துல இருக்கு.

அண்ணி: அப்ப ஹிட்ஸ்தான் மாமா ❤️

சின்ன மாமா: கொஞ்சம் யோசிக்கிறேன்

நான்: 2012 டிசம்பர்ல நீங்களும் அவனும் அவங்க கச்சேரிக்கு பெங்களூரு போனீங்களே, என்னென்ன பாடினாங்க?

சின்ன மாமா: ராத்திரி பஸ்ல போனோம். அன்னிக்கு மேடையில அப்பிடைட் காலத்து ஆள்னா ஆக்ஸில் மட்டும்தான். ஸ்லாஷ் இல்ல, டஃப் இல்ல. அவங்க திரும்பிச் சேர்ந்தது 2016ல. ஆனா ஸ்வீட் சைல்ட் ஆரம்பிச்சப்போ உன் அண்ணன் என் தோளைப் பிடிச்ச பிடி இன்னும் ஞாபகம் இருக்கு. அவனுக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். எல்லாம் அந்த சிடி புண்ணியம்தான், ஒத்துக்கறேன்.

சின்ன மாமா: இன்னொண்ணும் தோணுது. கடைசிப் பாட்டு, சிம்பதி ஃபார் த டெவில். 1994ல ஒரு படத்துக்காகப் பாடினது. ஸ்லாஷ் வாசிச்ச கிட்டார் மேலயே அவர் சம்மதம் இல்லாம ஆக்ஸில் தன்னோட நண்பரை வாசிக்க வெச்சார். ஒரு குழு உடையுற சத்தம் கேக்கணும்னா இதைக் கேளுங்கன்னு ஸ்லாஷே பின்னால எழுதினார். 1996ல வெளியேறிட்டார். முதல் பாட்டு 1987ல ஊருக்குள்ள வாடான்னு கத்துற கத்தல். கடைசிப் பாட்டுல கூட இருக்கறவங்களுக்கே ஒருத்தரை ஒருத்தர் பிடிக்கல. கம்பெனி இதையெல்லாம் நினைச்சு அடுக்கியிருக்காது. ஆனா முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சுல கேட்டா அந்த 7 வருஷமும் காதுல விழுது.

நான்: மாமா, அப்ப சரின்னு அர்த்தமா?

சின்ன மாமா: சரி. ஹிட்ஸ் நீங்க வாங்குங்க. அப்பிடைட் நான் தனியா வாங்கித் தரேன். ரெண்டும் அவன்கிட்ட இருக்கட்டும்.

அத்தை: இப்பதான் சிரிச்சார். காபி சூடு பண்ணப் போறேன்

நான்: 2020ல வந்த ரெட்டைத் தட்டு பதிப்புதான் இது. முதல் தடவையா எல்பியா வந்ததே அப்பதானாம். ஷேடோ ஆஃப் யுவர் லவ்னு ஒரு பாட்டு கூடுதலா இருக்கு.

சின்ன மாமா: ஆமா, அப்பிடைட் காலத்துலயே பதிவு பண்ணி ஆல்பத்துல சேர்க்காம விட்டது. 2018ல தனிப் பாட்டா வெளிய விட்டாங்க. நல்ல பாட்டு.

அண்ணி: ஆர்டர் போட்டுடவா? இங்க வந்தா கூரியரை அவரே பிரிச்சிடுவார். அம்மா, உங்க வீட்டு முகவரி கொடுக்கட்டுமா?

அம்மா: குடு. பீரோ மேல படுக்க வெச்சிடறேன்

சின்ன மாமா: படுக்க வைக்காதீங்கக்கா! மேல எதையாவது வெச்சா வளைஞ்சிடும். நிறுத்தி வைங்க. வெயில் படாத இடமா.

அம்மா: சரி. பீரோவுக்குள்ள பட்டுப்புடவை பக்கத்துல நிறுத்தி வைக்கிறேன்