மொரிஷியஸ் வளர்ச்சிக் கணக்கு: எச்சம் ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது?

ரெடுயி_மாணவி:
வணக்கம். மொரிஷியஸின் 1960–2019 வளர்ச்சியை மூலதனம், உழைப்பு, மொத்தக் காரணி உற்பத்தித்திறன் (முதல் இரண்டும் விளக்காத மீதி, அதாவது எச்சம்) எனப் பிரிக்கிறேன். நாடுகளின் உற்பத்தி, மூலதனம் முதலியவற்றைத் தரும் பென் வேர்ல்ட் டேபிள் 10.01 தரவுக் கோப்பிலிருந்து ஆர்ஜிடிபிஈ (rgdpe, உண்மை மொத்த உள்நாட்டு உற்பத்தி) நிரலையும் மூலதன நிரலையும் எடுத்தேன். உழைப்புக்கு உலக வங்கித் தரவில் உள்ள 15–64 வயது மக்கள்தொகை. மூலதனப் பங்கு, அதாவது வருமானத்தில் மூலதனத்துக்குப் போகும் பகுதி, 1/3. வளர்ச்சியில் பாதிக்கு மேல் எச்சத்தில் போய் விழுகிறது. அது போக, 1970-களின் நடுவில் உற்பத்தித்திறன் கிடுகிடுவென ஏறிவிட்டு இறங்குகிறது. எங்கே தப்பு?

குவாத்ர்போர்ன்_கணக்கர்:
தப்பு ஒன்றல்ல, மூன்று.

முதலில் ஆர்ஜிடிபிஈ. அது செலவுப் பக்கத்து அளவு, ஏற்றுமதி விலை உயர்ந்தாலே அதுவும் உயரும். 1974-இல் உலகச் சர்க்கரை விலை உச்சத்துக்குப் போனது. அன்று நம் ஏற்றுமதியில் பெரும்பங்கு சர்க்கரைதான். ஒரு டன்கூட அதிகம் விளையாவிட்டாலும் அந்த நிரல் ஏறும். நீங்கள் உற்பத்தித்திறன் என்று பார்ப்பதில் பெரும்பகுதி சர்க்கரை விலை. ஒரே நாட்டைக் காலவரிசையில் பார்க்க நிலையான உள்நாட்டு விலையில் உற்பத்தியைத் தரும் ஆர்ஜிடிபிஎன்ஏ (rgdpna), மூலதனத்தைத் தரும் ஆர்கேஎன்ஏ (rkna) நிரல்களை எடுங்கள்.

இரண்டாவது, தொடக்க ஆண்டு. 1960-இல் அலிக்ஸ், கரோல் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து அடித்தன. அவ்வாண்டுச் சர்க்கரை உற்பத்தி முந்தைய ஆண்டில் பாதிகூட இல்லை. பள்ளத்திலிருந்து அளந்தால் எந்த மேடும் மலையாகத்தான் தெரியும். 1970-இல் தொடங்குங்கள். 1970 முதல் 2019 வரை 49 இடைவெளிகள், 50 அல்ல. சராசரி வளர்ச்சிக்குக் கடைசி ஆண்டின் லாக்கிலிருந்து முதல் ஆண்டின் லாக்கைக் கழித்து 49-ஆல் வகுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. வேலை செய்யும் வயதில் இருப்பவர் எல்லாரும் வேலை செய்பவர் அல்லர். 1980-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 20 சதவீதம் வேலையின்மை. ஸோன் ஃபிரான்ஷ் (ஏற்றுமதிக்கான சலுகை மண்டலம்) ஆடை ஆலைகளுக்குப் பெண்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். பத்தாண்டு முடிவதற்குள் ஆள் கிடைக்காத நிலை. உங்கள் நிரலில் அந்த மாற்றம் பதிவாகவே இல்லை, அதனால் முழுவதும் எச்சத்தில் சேர்கிறது. அதே கோப்பில் வேலையில் இருப்போர் எண்ணிக்கைக்கு ‘எம்ப்’ (emp) நிரல் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

ரோஸ்ஹில்_நோக்கர்:
மேலே சொன்னதோடு மூலதனப் பங்கையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். 1/3 என்பது பணக்கார நாடுகளின் பழக்கம். கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: உற்பத்தி 5, மூலதனம் 6, வேலையாட்கள் 2.5 சதவீதம் வளர்கின்றன. மூலதன வளர்ச்சியைப் பங்காலும், வேலையாட்கள் வளர்ச்சியை மீதிப் பங்காலும் பெருக்கி உற்பத்தி வளர்ச்சியிலிருந்து கழிக்க வேண்டும். பங்கு 1/3 என்றால் எச்சம் 1.33. 0.4 என்றால் 5 − 2.4 − 1.5 = 1.1. 0.5 என்றால் 0.75. பங்கு மாறினாலே எச்சம் ஏறக்குறையப் பாதியாகிறது! ஆகவே ஒரே விடையைக் கொடுக்காமல் மூன்று பங்குகளுக்கும் அட்டவணை போடுங்கள்.

கோப்பில் உழைப்புப் பங்குக்கும் நிரல் உண்டு. ஆனால் சுயதொழில் செய்வோரின் வருமானத்தில் எவ்வளவு கூலி, எவ்வளவு லாபம் என்பது பல நாடுகளில் மதிப்பீடுதான். கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

கல்வியையும் விடாதீர்கள். ‘எச்சி’ (hc, மனித மூலதனக் குறியீடு) நிரல் ஆண்டுக்கு 1 சதவீதம் வளர்வதாகக் கொண்டால், 0.4 பங்கில் 0.6 குறைந்து எச்சம் 0.5 ஆகும். 1.33-இல் தொடங்கி 0.5-க்கு வந்துவிட்டோம், பாருங்கள்.

ரெடுயி_மாணவி:
நன்றி இருவருக்கும். எச்சத்தை ஸோன் ஃபிரான்ஷின் பலன் என்று எழுதலாமா? சட்டம் 1970-இல் வந்ததுதானே.

குவாத்ர்போர்ன்_கணக்கர்:
கூடாது. எச்சம் காரணத்தைச் சொல்லாது. அதே காலத்தில் ஐரோப்பியச் சமூகத்துடனான 1975-இன் லோமே வணிக ஒப்பந்தத்தின் சர்க்கரை நெறிமுறை, ஏறத்தாழ 5 லட்சம் டன்னுக்கு ஐரோப்பாவில் உறுதியான விலை தந்தது. 1979-இலும் 1981-இலும் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஆடை ஏற்றுமதிக்கு நாடுவாரியாக அளவு வரம்பு வைத்த பல்லிழை ஒப்பந்தத்தின் ஒதுக்கீடும் நமக்குச் சாதகமாக இருந்தது. எது எவ்வளவு என்று இந்தக் கணக்கு பிரித்துத் தராது.

ரோஸ்ஹில்_நோக்கர்:
இதில் எனக்குச் சிறு மாறுபாடு. காரணம் சொல்லாது, சரி. ஆனால் காலத்தை வெட்டிப் பார்த்தால் துப்பு கிடைக்கும். 1970–82, 1983–91, 1992–2004, 2005–19 என்று வெட்டுங்கள். ஆடை ஒதுக்கீடு 2004 முடிவோடு போனது. 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரை விலையைப் படிப்படியாக 36 சதவீதம் குறைத்தது. 2005-க்குப் பின் எச்சம் என்ன ஆகிறது என்பதைத் தனியாக எழுதுங்கள். முடிவில் உங்கள் விடையை கோப்பிலேயே உற்பத்தித்திறனைத் தரும் ஆர்டிஎஃப்பிஎன்ஏ (rtfpna) நிரலோடு ஒப்பிடுங்கள். திசையே மாறி வந்தால், முதலில் எக்செலில் ஆண்டுகள் ஒரு வரிசை தள்ளி ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.