பல்கலைக்கழகத்தின் சாலையோர நடைபாதை: எங்கள் ஊர் ஏன் எதிர்க்கிறது?

கரும்புத்தோட்டம்:
கடலூர்–பண்ருட்டி சாலையில், எங்கள் ஊர் எல்லையில் உள்ள தனியார் பல்கலைக்கழகம் (பெயர் வேண்டாம்) ஒரு திட்டத்தோடு வந்திருக்கிறது. அதன் வாயிலில் தொடங்கி, பஸ் நிறுத்தத்தையும் பள்ளிக்கூடத்தையும் தாண்டி வாய்க்கால் பாலம் வரை, சாலையின் தென்புறம் முழுவதும் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு பாதை. சிமெண்ட் கல் தளம், விளக்கு, பெஞ்சு, ஓரத்தில் இரும்புக் கம்பி வேலி. பணம் அவர்களுடையது, இடம் நெடுஞ்சாலைத் துறையுடையது. நடுவில் எங்களுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள்.

போன வாரம் சமுதாயக் கூடத்தில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். அழகான படம்தான். ஆனால் அந்தப் படத்தில் எங்கள் சாலையோரத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை. கரும்பு டிராக்டர் இல்லை, பலாப்பழக் கடை இல்லை, எள்ளும் உளுந்தும் காயவில்லை, வயலுக்கு இறங்கும் வண்டித்தடம் இல்லை. வெறும் பச்சை நிறம் பூசி வைத்திருந்தார்கள். அதனால்தான் ஊர் கொதிக்கிறது. 'வளர்ச்சிக்கு எதிரிகள்' என்று பட்டம் கட்டுகிறவர்கள் இங்கே வந்து பேசட்டும்.

மாலைநடை:
வந்துவிட்டேன் அண்ணா. நானும் அதே ஊர்ப் பெண்தான், வெளியாள் இல்லை.

அந்தச் சாலையில் நீங்கள் கடைசியாக நடந்து போனது எப்போது? பைக்கில் போவதைக் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முழ மண் இருக்கிறது. அதில் பள்ளிப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். தனியார் பஸ் ஒன்று இன்னொன்றை முந்தும்போது அந்த மண்ணும் பஸ்ஸுக்குத்தான். அங்கே டிராக்டர் நின்றால் பிள்ளைகள் தார்ச்சாலைக்கு நடுவில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். நீங்கள் படத்தில் காணவில்லை என்று வருந்தும் அதே டிராக்டர்தான்.

சர்க்கரை நோய் வந்த பெண்களை மருத்துவர் தினமும் நடக்கச் சொல்கிறார். எங்கே நடப்பது? மாடியில் சுற்றிச் சுற்றி வருகிறோம். அரசாங்கம் செய்யாததை ஒருவர் தன் காசில் செய்ய வந்தால் வாசலிலேயே விரட்டுவதா?

கரும்புத்தோட்டம்:
டிராக்டரை விளையாட்டுக்கா நிறுத்துகிறோம் தங்கச்சி? நெல்லிக்குப்பத்தில் 1842 முதல் சர்க்கரை ஆலை இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பாட்டனுக்குப் பாட்டன். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டால் கரும்பு காத்திருக்காது. வெட்டிய கரும்பு நாளாக நாளாக எடை குறையும், சாறும் கெடும். ஈர வயலுக்குள் டிரெய்லர் இறங்கினால் அச்சு வரை புதையும். அதனால் ஆட்கள் தலைச்சுமையாகக் கட்டுகளைக் கொண்டுவந்து சாலையோரத்தில்தான் ஏற்றுகிறார்கள். அங்கே இடுப்பளவு கம்பி வேலி போட்டால் கட்டை எப்படித் தாண்டிக் கொடுப்பது? கூட்டத்தில் இதைக் கேட்டதற்கு, 'தேவையான இடங்களில் திறப்பு வைப்போம்' என்றார்கள். எந்த இடம், எத்தனை அடி அகலம் என்று வரைபடத்தில் இல்லை.

விடுதிவாசி:
நான் அங்கே படிக்கும் மாணவன். தேனியிலிருந்து வந்தவன். ஊர் அரசியல் எனக்குத் தெரியாது. மாலையில் டீ குடிக்க வெளியே வந்தால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் திரும்புகிறோம். ஆண்டில் சில மாதம் நிற்கும் கரும்பு வண்டிக்காக ஆண்டு முழுவதும் எல்லோரும் சாலையில் நடக்க வேண்டுமா?

பலாச்சுளை:
தம்பி, உங்கள் வளாகத்துக்குள் மரநிழலில் நல்ல தார்ச்சாலைகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் காலையில் அங்கே நடந்துகொள்கிறோம் என்று கேட்டோம். பாதுகாப்புக் காரணம் என்று மறுத்துவிட்டார்கள். தங்கள் இடத்தில் எங்களை நடக்க விடாதவர்களுக்கு எங்கள் சாலையில் எங்களை நடக்கவைக்க இவ்வளவு அக்கறை!

என் அம்மா சித்திரை முதல் ஆடி வரை அந்தப் புளியமரத்தடியில் பலாப்பழம் விற்கிறார். அந்த வருமானத்தில்தான் நான் பி.காம். படித்தேன். பாதை வந்தால் கடை எங்கே? சாலையோர வியாபாரிகளுக்கு 2014இல் மத்திய அரசு சட்டமே போட்டிருக்கிறது. யாரையும் நினைத்தபடி கிளப்ப முடியாது.

சாலை ஆய்வாளர் (ஓய்வு):
அந்தச் சட்டத்தை நம்பிக் களத்தில் இறங்காதீர்கள் அம்மா. அதில் வரும் விற்பனைக் குழுவும் கணக்கெடுப்பும் அடையாள அட்டையும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற நகரப் பகுதிகளுக்கானவை. உங்கள் ஊர் கிராம ஊராட்சி. நெடுஞ்சாலைத் துறை ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் கொடுத்தால் 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம்தான் முன்னால் நிற்கும். உங்கள் பலம் கிராம சபைத் தீர்மானம்.

நான் பார்த்த வேறொரு விஷயத்தை யாரும் பேசவில்லை. அவர்கள் காட்டிய குறுக்குவெட்டுப் படத்தில் பக்க வாய்க்கால் எங்கே? தென்புறத்தில் ஓடும் மண் வாய்க்கால்தான் சாலைத் தண்ணீரையும் வயல் வடிகாலையும் பாலத்துக்குக் கொண்டுபோகிறது. படத்தில் அதே இடத்தின் மேல்தான் கல் தளம் வருகிறது. அடியில் குழாய் பதிப்போம் என்கிறார்கள். எவ்வளவு விட்டம், யார் தூர் வாருவது, ஐந்து ஆண்டு கழித்துப் பல்கலைக்கழகத்துக்கு ஆர்வம் போய்விட்டால் யார் பொறுப்பு? 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்தபோது பெண்ணையாற்றங்கரை என்ன ஆனது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணையாற்றுக்கும் கெடிலம் ஆற்றுக்கும் இடையில் கிடக்கிற மண் இது. ஆறு வந்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. வந்த தண்ணீர் வடிவதற்கு இருக்கும் வழியை நாமே அடைக்கக் கூடாது.

மாலைநடை:
ஐயா, மூடிய வடிகாலின் மேல் நடைபாதை போடுவது ஊரெங்கும் நடக்கிற வேலைதானே? கடலூர் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. முறையாகக் கட்டினால் இன்றைய மண் வாய்க்காலைவிட நன்றாகவே ஓடும். இப்போது அதில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் பையும் இளநீர்க் கூடும்தான் கிடக்கின்றன.

சாலை ஆய்வாளர் (ஓய்வு):
முறையாகக் கட்டினால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரசின் வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையே இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இவர்கள் பெஞ்சையும் விளக்குக் கம்பத்தையும் அந்த அகலத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலி பெஞ்சில் முட்டி நிற்கும். சைக்கிளும் அதே தடத்தில் என்றால் முதியவர்கள் ஒரே வாரத்தில் பழைய மண்ணுக்குத் திரும்பிவிடுவார்கள். நான் பாதைக்கு எதிரி இல்லை. இந்தப் படத்துக்கு எதிரி.

பலாச்சுளை:
புளியமரங்களை மறந்துவிட்டோமே. பாதைக்குக் குறுக்கே வரும் மரங்களை 'மாற்றி நடுவோம்' என்கிறார்கள். அந்த வயது புளியமரத்தைப் பிடுங்கி நட்டு வாழ வைத்ததை இந்தப் பக்கம் யாராவது பார்த்திருக்கிறீர்களா? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் எங்கள் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அன்றைக்கும் நின்ற மரங்கள் இவை.

விடுதிவாசி:
அதே புளியமரத்தில் இரவில் பைக் மோதிச் சாகிறவர்களும் இருக்கிறார்கள். விளக்கு வந்தால் அதுவாவது குறையும். மரத்துக்கு இருக்கும் இரக்கம் மனிதனுக்கு இல்லையா?

சாலை ஆய்வாளர் (ஓய்வு):
விளக்குக்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லை தம்பி. மரத்தைச் சுற்றிப் பாதையை வளைக்கலாம். அரசு நிலத்து மரத்தில் கை வைக்க மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும்.

மாலைநடை:
சரி, ஒன்று கேட்கிறேன். கம்பி வேலி வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம், வடிகாலை முதலில் கட்டு, வளாகத்தைக் காலையில் திற. இவற்றையெல்லாம் நிபந்தனையாக வைத்து, பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரையாவது பாதையை இந்த ஆண்டே போடச் சொல்லித் தீர்மானம் எழுதலாமே? அங்கே கரும்பு ஏற்றும் வயலும் இல்லை, கடையும் இல்லை. முழுதாக எதிர்த்தால் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு அடுத்த இருபது ஆண்டுக்கு அந்த ஒரு முழ மண்தான்.

கரும்புத்தோட்டம்:
சின்னத் துண்டுக்குத் தலையாட்டினால் மீதியை அடுத்த ஆண்டு சத்தமில்லாமல் நீட்டுவார்கள். இதே நிறுவனம் மதில் கட்டும்போது வண்டிப்பாதையை விட்டுக் கட்டுவதாகத்தான் சொன்னது. அந்தப் பாதை இன்றைக்கு மதிலுக்கு உள்ளே இருக்கிறது. முதலில் வயல் திறப்புகளையும் வாய்க்காலையும் குறித்துப் புது வரைபடம் வரட்டும், துறைப் பொறியாளர் கையெழுத்தோடு. அதுவரை நவம்பர் 1 கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம்தான்.

மாலைநடை:
அப்படியானால் அதே கிராம சபையில் நானும் எழுந்து பேசுவேன் அண்ணா. பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

கரும்புத்தோட்டம்:
வாருங்கள். முன் வரிசையில் உட்காருங்கள். பல்கலைக்கழகத்து ஆட்களையும் வரச் சொல்லுங்கள். எங்கள் கிராம சபைக்கு இதுவரை அவர்கள் வந்ததில்லை.